டெர்மினல் பேசுவது பிள்ளைக்கும் விளங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

“வன்னிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் காணாது, அதுதான் கோடிங் ஏறுதில்லை” என்ற பேச்சு பாடசாலைக் கூட்டங்களிலும் ரியூசன் வாசல்களிலும் அடிக்கடி அடிபடுகிறது. டெர்மினலில், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் கறுப்புத் திரையில், ஓடும் கட்டளை வரிக் கருவிகளை எழுதுகிறவர்களும் கற்பிக்கிறவர்களுமாகிய நாங்கள் இதை ஏற்கவில்லை. ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடாக இருப்பவர்களும் இதே இடங்களில்தான் இடறுகிறார்கள். விம் என்ற எடிட்டரை விட்டு எப்படி வெளியேறுவது என்ற ஒரே கேள்வியை நிரல் எழுதுவோரின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2017 ஆம் ஆண்டுக்குள் 10 இலட்சம் தடவைக்கு மேல் திறந்து பார்த்திருந்தார்கள். அங்கே வருபவர்கள் கோடு எழுதுபவர்கள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள். கோளாறு கருவியில் இருக்கும்போது பிள்ளையின் மொழியறிவைக் குறை சொல்லிப் பயனில்லை.

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் பைதன் என்ற நிரல்மொழி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம். ஆக, டெர்மினலைத் தொடும் பிள்ளைகளுக்கு இங்கே குறைவில்லை. தொட்ட முதல் மணித்தியாலத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

விண்டோஸ் கணினியில் பைதன் நிறுவும்போது, முதற் திரையின் அடியில் பைதனை ‘பாத்’ பட்டியலில் (கட்டளை அடித்ததும் கணினி நிரலைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கட்டுமா என்று கேட்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு. அது இயல்பாகச் சரி போடப்படாமலே வரும். அதைக் கவனிக்காமல் ‘இன்ஸ்டால்’ அழுத்தியவர், பிறகு கறுப்புத் திரையில் பைதன் என்று அடித்தால் மைக்ரோசொப்ட் ஸ்டோர் திறக்கும். 2019 முதல் விண்டோஸில் இப்படி ஒரு மாற்றுவழி வைத்திருக்கிறார்கள். “காசு கட்ட வேண்டுமாக்கும்” என்று நினைத்துப் பிள்ளை மூடிவிடும். பைதன் என்பதற்குப் பதிலாகப் பி, வை என்ற இரண்டு எழுத்தை மட்டும் அடித்தால், பைதன் தளத்திலிருந்து நிறுவிய கணினியில் வேலை செய்யும். அல்லது நிறுவி நிரலை மறுபடி ஓட்டி, ‘மொடிஃபை’ தெரிந்து, பின்வரும் திரையில் பைதனைச் சூழல் மாறிகளில் சேர்க்கும் பெட்டியில் சரி போடலாம். சரி போட்ட பிறகும் ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலுக்கு அது தெரியாது. ‘பாத்’ பட்டியலை ஒவ்வொரு டெர்மினலும் திறக்கும்போதே படித்து வைத்துக்கொள்வதால், மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லாததால் பைதனை நீக்கி நீக்கி நிறுவுகிறவர்கள் உண்டு.

அடுத்த பள்ளம் டி டிரைவ். கணினி ஆய்வுகூடங்களில் மாணவர் வேலைகளை அங்கேதான் வைப்பார்கள். சிடி கட்டளையோடு டி டிரைவில் உள்ள போல்டரின் பெயரைக் கொடுத்தால், பழைய கட்டளைத் திரை பிழை எதுவும் காட்டாது, நகரவும் நகராது. சி டிரைவிலேயே நிற்கும். முதலில் டிரைவ் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தனியாக அடித்து என்டர் தட்ட வேண்டும், அல்லது சிடிக்குப் பின்னால் ‘/டி’ சேர்க்க வேண்டும். எங்கள் பார்வையில் கத்தும் பிழையைவிட இந்த மௌனம் மோசம். பிழை வந்தால் பிள்ளை கை உயர்த்தும். ஒன்றுமே வராவிட்டால் சரி என்று நினைத்து மேலே போய், அடுத்த கட்டளையில் “கோப்பு இல்லை” என்பதில் விழும். அப்போது காரணம் இரண்டு படி பின்னால் கிடக்கும்.

இதே வகை இடறல்கள் இன்னும் சில. >>> என்ற குறி வந்த பிறகு, நூலகங்களை இறக்கி நிறுவும் ‘பிப் இன்ஸ்டால்’ கட்டளையை அடிப்பது: அது பைதனின் வாசல், கட்டளைத் திரையின் வாசல் அல்ல, ‘எக்ஸிட்’ என்பதை அடைப்புக்குறியோடு போட்டு வெளியே வந்துதான் அடிக்க வேண்டும். பழைய கட்டளைத் திரையில் மவுஸால் ஓரிடத்தைத் தட்டிவிட்டு நிரல் உறைந்துவிட்டது என்று பதறுவது: சாளரத் தலைப்பில் ‘செலக்ட்’ என்று வந்திருக்கும், எஸ்கேப் தட்டினால் ஓடத் தொடங்கும். விண்டோஸின் புதிய கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் பைதனின் தனிச் சூழலை (ஒரு வேலைக்கென ஒதுக்கிய நூலகத் தொகுப்பை) தொடக்கும்போது ஸ்கிரிப்ட் ஓட்டத் தடை என்று சிவப்பாகப் பல வரி வருவது: வைரஸ் அல்ல, பாதுகாப்பு அமைப்பு, கட்டளைத் திரையில் அதே சூழலின் ‘பேட்’ கோப்பை ஓட்டினால் போதும். பல லினக்ஸ் வகைகளில், நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் ‘சூடோ’ கடவுச்சொல் கேட்கும்போது அடிக்கும் எழுத்து எதுவும் தெரியாமல் இருப்பது: விசைப்பலகை பழுதென்று மாற்றிப் பார்ப்பார்கள். லினக்ஸ் மின்ட் என்ற வகையோ அதற்கு நட்சத்திரக் குறி காட்டுகிறது. கடவுச்சொல்லின் நீளம் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்ற ஆட்சேபம் இருக்கிறதுதான். ஆனால் வீட்டுக் கணினியில் அந்த ஆபத்தைவிடக் குழப்பம் பெரிது.

இவற்றைத் திருத்த முடியாதென்று நினைக்க வேண்டாம். பெரிய கருவிகளே திருந்திக்கொண்டு வருகின்றன. பைதனில் ஓர் அடைப்பை மூட மறந்தால் முன்பெல்லாம் அடுத்த வரியைக் காட்டி ‘தொடரியல் தவறு’ என்று மொட்டையாகச் சொல்லும். அந்த வரியில் தவறே இருக்காது. 2021 இல் வந்த 3.10 பதிப்பு, எந்த அடைப்பு மூடப்படவில்லை என்று அந்த இடத்தையே சுட்டுகிறது; மாறியின் பெயரைப் பிழையாக அடித்தால் “இதையா சொன்னீர்கள்?” என்று கேட்கிறது. >>> வாசலில் ‘எக்ஸிட்’ என்று அடித்தால், வெளியேறாமல் “வெளியேற வேண்டுமானால் அடைப்புக்குறியோடு அடியுங்கள்” என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தது பல ஆண்டுகள். கேட்பவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்தும் செய்யாத பிடிவாதம் அது. 2024 இன் 3.13 பதிப்பில்தான் அது தணிந்தது. அதே பதிப்பில் இன்னொன்றும் வந்தது. எழுந்தமான எண் பற்றிய பாடம் நடக்கும் நாளில் பாதி வகுப்பு தன் கோப்புக்கு ‘ரேண்டம்’ என்றே பெயர் வைக்கும். உடனே பைதன் தன் சொந்த ரேண்டம் தொகுதிக்குப் பதிலாக அந்தக் கோப்பையே இழுத்து வந்து, இல்லாத பண்பைக் கேட்கிறீர்கள் என்று திட்டும். இப்போது, உங்கள் கோப்பின் பெயர் தொகுதியின் பெயரோடு மோதுகிறது, மாற்றிப் பாருங்கள் என்று சேர்த்துச் சொல்கிறது. ஆய்வுகூடத்தில் இன்னும் 3.8 வைத்திருப்பவர்கள் பதிப்பைக் கூட்டினாலே ஆசிரியரின் பாதித் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியும் அப்படித்தான். ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளை கிளை (ஒரே வேலையின் இன்னொரு பாதை) மாற்றவும் பயன்பட்டது, செய்த திருத்தத்தைத் தூக்கி எறியவும் பயன்பட்டது. 2019 இன் 2.23 பதிப்பில் ‘சுவிட்ச்’, ‘ரிஸ்டோர்’ என்று இரண்டாகப் பிரித்துத் தந்தார்கள். இன்றும் பழைய குறிப்பை வைத்துச் செக்அவுட் கற்பிப்பவர்கள் புதிய இரண்டையும் கற்பித்தால் நல்லது. வேலையை இணையத்துக்கு அனுப்பும் முதல் ‘புஷ்’ செய்யும்போது, அங்கே சேர வேண்டிய மேற்கிளை இல்லை என்று மறிப்பதும், 2.37 முதல் ஒரு அமைப்பை மாற்றினால் நின்றுவிடும்: புஷ் பகுதியில் ‘ஆட்டோசெட்அப்ரிமோட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். மாற்றத்தைப் பதியும் முதல் ‘கமிட்’ செய்தவுடன் விம் திறந்து பிள்ளை சிறைப்படுவதைத் தடுக்க, விண்டோஸில் கிட் நிறுவும்போதே எடிட்டர் கேட்கும் திரையில் நோட்பேடைத் தெரிவு செய்யலாம். ஏற்கெனவே சிறைப்பட்டவருக்கு: எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, என்டர்.

இங்கே எங்கள் ஆய்வுகூடங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கணினியை நாலைந்து பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். கிட் கருவியோ ஒரு கணினிக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறது. “நீங்கள் யாரென்று சொல்லுங்கள்” என்று அது காட்டும் மாதிரிக் கட்டளையில் ‘--குளோபல்’ (அந்தக் கணினிக் கணக்கின் எல்லா வேலைக்கும் என்று பொருள்) இருக்கும். காலை வகுப்பு மாணவி அதை அடித்துவிட்டுப் போனால், மாலை வகுப்பு மாணவனின் வேலையும் அவள் பெயரிலேயே பதியும். இன்னும் சிலர் மாதிரியில் உள்ள போலி மின்னஞ்சலையே அப்படியே ஒட்டிவிடுவார்கள். கிட் அதையும் மறுபேச்சில்லாமல் ஏற்கும். பொதுக் கணினியில் குளோபல் என்ற சொல்லை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் தம் வேலைப் போல்டருக்குள் நின்று பெயரையும் மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டும். அப்போது அது அந்தப் போல்டருக்கு மட்டும் செல்லும். அத்தோடு, கிட் வேலைகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் முதலில் நுழைந்தவரின் கணக்கை விண்டோஸ் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் புஷ் செய்தால் 403 என்ற எண்ணோடு, அறியாத ஒருவரின் பெயருக்கு அனுமதி இல்லை என்று வரும். கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து, விண்டோஸ் பகுதியில் கிட்ஹப் பதிவை நீக்கினால் புதிதாகக் கேட்கும். கிட்ஹப் 2021 ஓகஸ்ட் 13 முதல் கட்டளை வரியில் கணக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கிட்ஹப் உருவாக்கித் தரும் சாவி), பிரவுசர் வழி நுழைவு போன்ற வழிகள்தான். இதை மட்டும் அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள்: எந்தத் திகதியில் நிறுத்தினோம், மாற்று வழி எங்கே என்று அப்போது பிழைச் செய்தியே சொன்னது.

உலகக் கருவிகளை நாம் உடனே மாற்ற முடியாது. ஆனால் நமது மாணவர்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகவும், சங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் உதவியாகவும் எழுதும் சிறு கருவிகள் நம் கையில் இருக்கின்றன. விதை நெல் கணக்கு, மழைப் பதிவு, குளத்து நீர்மட்டம் என்று எத்தனையோ. அவற்றில் தவறு நேர்ந்ததும் பைதனின் இருபது வரிப் புலம்பல் திரையில் கொட்டுகிறது. பயன்படுத்துபவருக்கு அதில் ஒன்றுமில்லை. ஒரு நல்ல செய்தி எப்படி இருக்கும் என்று காட்டுகிறோம்.

காலபோக விதைப்புப் பட்டியலைப் படிக்கும் கருவி என்று வையுங்கள். “தவறான உள்ளீடு” என்று மட்டும் சொன்னால் பயனர் எங்கே தேடுவார்? இப்படிச் சொல்லலாம்: “12 ஆம் வரி, ‘ஏக்கர்’ நெடுவரிசை: இங்கே எண் வர வேண்டும், ‘இரண்டரை’ என்று இருக்கிறது. 2.5 என எழுதிவிட்டு மறுபடி ஓட்டவும். கோப்பில் எதுவும் மாற்றப்படவில்லை.” இடம், வர வேண்டியது, வந்தது, செய்ய வேண்டியது எல்லாம் இதில் உண்டு. கடைசி வசனத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாதியில் நின்ற கருவி என் தரவைக் கெடுத்ததா இல்லையா என்பதே பயனரின் முதல் பயம். கோப்பு கிடைக்காதபோதும் அப்படியே: எந்தப் போல்டரில் தேடினீர்கள் என்ற முழுப் பாதையையும், அங்கே கிடைத்த ஒத்த பெயர்களையும் காட்டுங்கள். ஒத்த பெயர் தேடப் பைதனுடன் வரும் ‘டிஃப்லிப்’ தொகுதியில் ‘கெட் குளோஸ் மாட்சஸ்’ என்ற செயற்கூறு இருக்கிறது. தேடிய பெயரையும் கிடைத்த பெயர்களின் பட்டியலையும் அதற்குக் கொடுத்தால், 0.6 க்கு மேல் ஒத்துப்போவதில் அதிகபட்சம் மூன்றைத் தரும். மூன்று வரி வேலை. முழுப் புலம்பலையும் எறிந்துவிடாதீர்கள். ‘--டிபக்’ என்று கொடுத்தால் மட்டும் காட்டுங்கள், திருத்துகிறவருக்கு அது வேண்டும். பிழைச் செய்தி சாதாரண வெளியீட்டோடு கலக்காமல் பிழைகளுக்கென உள்ள தனி வெளியீட்டு வழியிலே போகட்டும். தோல்வியில் முடிந்தால் வெளியேறும் எண் 0 ஆக இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் அதை நம்பி ஓடும் அடுத்த நிரல் எல்லாம் நன்றே முடிந்ததென்று தொடரும்.

எதையும் கொடுக்காமல் கருவியின் பெயரை மட்டும் அடித்தாலும் அது சும்மா இருக்கக் கூடாது. என்ன செய்யும் என்று ஒரு வரி, அப்படியே நகலெடுத்து ஓட்டக்கூடிய இரண்டு உதாரணம், ‘--ஹெல்ப்’ போட்டால் மிச்சம் வரும் என்ற குறிப்பு. இவ்வளவு போதும். தெரிவுகளின் பட்டியலுக்கு முன் உதாரணத்தை வையுங்கள், புதியவர் அதைத்தான் தேடுவார். அழிக்கும் கட்டளை என்றால் முதலில் எத்தனை கோப்பு, எவை என்று காட்டிவிட்டு நிற்கட்டும். உண்மையில் அழிக்க வேறொரு தெரிவு கேட்கட்டும். டெர்மினலில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை.

செய்திகளைத் தமிழில் தந்துவிட்டால் எல்லாம் தீரும் என்பாரும் உண்டு. எங்களுக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பிழைச் செய்தியே தேடுவதற்கான சாவி. மூல வரி மறைந்தால் கூகிளில் எதை அடிப்பது? மூல வரி அப்படியே இருக்க, கீழே தமிழில் விளக்கம், பக்கத்தில் ஒரு பிழை எண். ரஸ்ட் என்ற நிரல்மொழி அப்படித்தான் பல பிழைகளுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணைக் கேட்டால் உதாரணத்தோடு விளக்குகிறது. சிறு கருவிக்கும் பத்து எண் போதும்.

தமிழ் எழுத்தைக் கையாளும்போது வேறு பொறிகள். ‘கிளிநொச்சி’ நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு பத்துக் குறியீட்டுப் புள்ளி (யூனிகோடில் தனி எண் பெற்ற குறி), யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 30 பைட். எழுத்து எண்ணிக்கையை வைத்து நெடுவரிசைகளை நேராக்கும் நிரலில் ‘மன்னார்’ ஒரு பக்கமும் ‘முல்லைத்தீவு’ ஒரு பக்கமும் இழுக்கும். எளிய வழி, எண்களை முன்னால் வைத்துத் தமிழ்ப் பெயரைக் கடைசி நெடுவரிசையாக்குவது. விண்டோஸில் திரையில் தமிழ் நன்றாகத் தெரிந்து, > குறி போட்டுக் கோப்பில் எழுதச் சொன்னதும் ‘சார்மாப்’ என்ற சொல்லோடு நிரல் விழுவதும் வழக்கம். திரைக்கு எழுதும்போது பைதன் யூனிகோடைப் பயன்படுத்துகிறது. கோப்புக்குத் திருப்பிவிட்டால் விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுதிக்குப் போய்விடுகிறது. பைதனை ‘-எக்ஸ் யுடிஎஃப்8’ தெரிவோடு ஓட்டினால் சரி. எக்செலில் திறக்கப் போகும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியலை) ‘யுடிஎஃப்-8-சிக்’ என்ற குறியீட்டில் எழுதுங்கள். இல்லையேல் தட்டித் திறந்ததும் தமிழ் கந்தறுந்து கிடக்கும்.

அலுவலகங்களிலிருந்து வரும் பட்டியல்கள் பல இன்னும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவான பாமினியில் இருக்கின்றன. பாமினியில் இகரம் உண்மையில் காற்புள்ளி விசை. மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளி விசை. காற்புள்ளியில் வெட்டிப் பிரிக்கும் நிரலுக்கு ‘இரணைமடு’ வந்ததும் ஒரு நெடுவரிசை கூடிவிடும். சிஎஸ்வியைக் கையால் வெட்டாமல் பைதனின் சிஎஸ்வி தொகுதியால் படியுங்கள். எக்செல் சேமித்த கோப்பு என்றால் மேற்கோளுக்குள் உள்ள காற்புள்ளியை அது மதிக்கும். படித்த பிறகு யூனிகோடுக்கு மாற்றுங்கள். கருவியும், தமிழ் நெடுவரிசையில் தமிழே இல்லாமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் “இது பாமினி போல இருக்கிறது” என்று சொல்லலாமே.

டேட்டாக் காசையும் கரண்டையும் மறந்து எழுதப்பட்ட கருவிகள் இங்கே சரிவராது. உபுண்டு லினக்ஸில் மென்பொருள் இறக்கும் ‘ஆப்ட்’ எத்தனை எம்பி இறக்க வேண்டும், வட்டில் எவ்வளவு இடம் போகும் என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதம் கேட்கும். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை இறக்கும் என்பிஎம் இறக்குமுன் அந்தக் கணக்கைச் சொல்வதில்லை. முழு வேலையையும் இணையத்திலிருந்து நகலெடுக்கும் கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். வரலாறு தேவையில்லாதபோது ‘--டெப்த் 1’ கொடுத்தால் இறக்கும் அளவு சுருங்கும். வகுப்பு முழுவதற்கும் ஒரே நூலகம் வேண்டுமென்றால் இருபது கணினியிலும் தனித்தனியே இறக்காதீர்கள். ‘பிப் டவுன்லோட்’ கட்டளைக்கு ‘-டி’ தெரிவோடு போல்டர் பெயர் கொடுத்து ஒரு தடவை இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய், மற்றக் கணினிகளில் பிப் இன்ஸ்டாலை ‘--நோ-இண்டெக்ஸ்’, ‘--ஃபைண்ட்-லிங்க்ஸ்’ தெரிவுகளோடு அந்தப் போல்டரைக் காட்டி ஓட்டலாம். பைதன் பதிப்பும் 32, 64 பிட் வகையும் எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 3.11 இல் இறக்கிய பாண்டாஸ் நூலகத்தை 3.13 ஏற்காது, “பொருத்தமான பதிப்பு கிடைக்கவில்லை” என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது.

ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் கட்டளை அனுப்புவதும் பிழைகளுக்கு ஒரு பெரிய ஊற்று. இரண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவில் இருப்பதை வாட்ஸ்அப் தடித்த எழுத்தாக்கி, குறிகளை மறைத்துவிடும். ஐபோனும் வேர்டும் நேரான மேற்கோளை வளைத்து, இரட்டைக் கோட்டை ஒற்றை நீளக் கோடாக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும்; ஒட்டினால் ஓடாது. கட்டளைக்கு முன்னும் பின்னும் மூன்று பின்சாய்ந்த மேற்கோளை, அதாவது 1 விசைக்கு இடப்பக்கம் உள்ளதை, இட்டு அனுப்பினால் குறிகள் அப்படியே போகும். வரித் தொடக்கத்தில் $ போட்டு அனுப்பாதீர்கள், அதையும் சேர்த்து ஒட்டுவார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களில் வரும் பைதன் மாதிரி வினாக்களில், பத்தியை இருபுறமும் நேராக்கும்போது வரித் தொடக்க இடைவெளிகள் அழிந்துவிடுகின்றன. பைதனில் அந்த இடைவெளியே நிரலின் பகுதி. அது இல்லாமல் விடையே மாறும். நிரல் வரிகளைச் சம அகல எழுத்துருவில், இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு உள்வரிக்கும் நான்கு இடைவெளி விட்டு, நேரான மேற்கோள் குறிகளோடு அச்சிடுங்கள். நீண்ட வரியைக் கோடு போட்டு உடைக்க வேண்டாம். பத்தி அகலம் காணாவிட்டால் நிரலை மட்டும் இரண்டு பத்தி அகலத்தில் போடலாம்.

இப்படிக்கு,
கட்டளை வரிக் கருவிப் பயிற்றுநர்கள்,
கிளிநொச்சி.